ரா படங்களைப் பதப்படுத்தக் கட்டற்ற மென்பொருளைத் தேர்ந்தெடுத்தல்: நெல்லைச் சீமையின் புதிய புகைப்படக்காரர்களுக்கு

ஆனித் தேரோட்டத்தின்போது நெல்லை ரத வீதியில் உச்சி வெயிலில் எடுத்த படத்தில், வடம் பிடிப்பவர்களின் வெள்ளை வேட்டி மடிப்புகூடத் தெரியாமல் வெளுத்துப்போயிருக்கும். தேரின் அடித்தட்டு மரச் சிற்பங்களோ இருட்டில் மூழ்கியிருக்கும். இப்படி ஒரு படத்தைப் பார்த்த பிறகுதான் பலரும் கேமராவின் பட்டியலில் சென்சார் அளந்த ஒளியை அப்படியே சேமிக்கும் ‘ரா’ என்ற அமைப்பைத் தேடுகிறார்கள். அதை மாற்றியதும் அடுத்த சிக்கல் தொடங்குகிறது. கார்டில் இருக்கும் கோப்பைப் பலருடைய செல்பேசி திறப்பதில்லை, பிரின்ட் போடும் கடையில் வாங்கிக்கொள்வதில்லை. கேட்டவர்கள் எல்லாரும் மாதச் சந்தா கட்டும் மென்பொருள் ஒன்றின் பெயரையோ, அதன் பூட்டு உடைத்த திருட்டுப் பிரதியையோதான் சொல்கிறார்கள். இரண்டுமே தேவையில்லை. டார்க்டேபிள், ராதெரபி போன்ற, ரா படங்களைப் பதப்படுத்துவதற்கென்றே எழுதப்பட்ட, மூலநிரல் திறந்த, கட்டணமில்லாத மென்பொருள்கள் இன்று தொழில்முறை வேலைக்கும் போதுமான தரத்தில் இருக்கின்றன.

எது சிறந்தது என்று கேட்டுக்கொண்டு தொடங்குவதைவிட, மூன்று கேள்விகளை வரிசையாகக் கேட்டுக்கொள்வது நல்லது. உங்கள் கேமரா தரும் கோப்பை அது சரியாகத் திறக்கிறதா, உங்கள் கணினியில் அது தடையில்லாமல் ஓடுகிறதா, நீங்கள் எடுக்கும் வகைப் படங்களுக்கு வேண்டிய கருவிகள் அதில் இருக்கின்றனவா என்பவையே அவை. வரிசை முக்கியம். முதல் கேள்வியில் தோற்ற மென்பொருளுக்கு மற்ற இரண்டில் எவ்வளவு மதிப்பெண் கிடைத்தாலும் பயனில்லை.

ரா கோப்பைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டியவை

சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் ஒரே ஒரு நிறத்தின் ஒளியைத்தான் அளக்கிறது. கோடக் நிறுவனத்தில் பணியாற்றிய பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பின்படி, பாதிப் புள்ளிகள் பச்சையையும், கால் பங்கு சிவப்பையும், கால் பங்கு நீலத்தையும் பதிவு செய்கின்றன. விடுபட்ட இரு நிறங்களை அக்கம்பக்கத்துப் புள்ளிகளைக் கொண்டு கணித்து நிரப்பினால்தான் அது படமாகும். ஜேபெக்கில் இந்த வேலையைக் கேமராவே செய்து முடித்து, நிறத்துக்கு 256 படிநிலைகளாகச் சுருக்கித் தந்துவிடுகிறது. 12 பிட் ரா கோப்பில் 4,096 படிநிலைகளும், 14 பிட் கோப்பில் 16,384 படிநிலைகளும் உண்டு. தேரின் நிழலை வெளிச்சமாக்கும்போது ஜேபெக் திட்டுத்திட்டாக உடைவதற்கும், ரா கோப்பு ஓரளவு தாக்குப்பிடிப்பதற்கும் இதுவே காரணம்.

இதிலிருந்து புதியவர்கள் நினைவில் கொள்ள வேண்டியவை சில பிறக்கின்றன. வெளிச்சத்தின் நிறச்சாயலைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸைப் படம் எடுத்த பிறகும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் சென்சார் முழுவதும் நிரம்பி எரிந்துபோன இடத்தில் எந்த மென்பொருளாலும் உண்மையான விவரத்தை மீட்க முடியாது, அக்கம்பக்கத்தைப் பார்த்து ஊகித்து நிரப்பத்தான் முடியும். அடுத்தது, ஒரே ரா கோப்பு வெவ்வேறு மென்பொருள்களில் வெவ்வேறு விதமாகத் தெரியும். அது கோளாறு இல்லை. ஒவ்வொன்றும் எண்களைத் தன் முறையில் படமாக்குகிறது. கேமராவின் பின்திரையில் காணும் படமும் ஹிஸ்டோகிராமும் (ஒளியளவின் பரவலைக் காட்டும் வரைபடம்) கேமரா தன் கணக்கில் உருவாக்கிய ஜேபெக்கின் வழியாக வருபவை. எனவே திரையில் எரிந்ததுபோல் தெரிந்த இடம் ரா கோப்பில் உயிரோடு இருக்க வாய்ப்புண்டு.

முதல் படி: உங்கள் கோப்பைச் சோதியுங்கள்

நிக்கானின் கோப்பு என்இஎஃப் என்றும், கேனானின் பழைய கேமராக்களில் சிஆர்2 என்றும் புதியவற்றில் சிஆர்3 என்றும், சோனியில் ஏஆர்டபிள்யூ என்றும், ஃபியூஜிஃபிலிமில் ஆர்ஏஎஃப் என்றும் முடியும். ரா எடுக்க வசதியுள்ள ஆண்ட்ராய்டு செல்பேசிகள் பெரும்பாலும் டிஎன்ஜி தருகின்றன. அடோபி 2004இல் அறிவித்த இந்த வடிவத்தைக் கட்டற்ற மென்பொருள்கள் பொதுவாகத் தடையின்றித் திறக்கும்.

மற்ற வடிவங்களில் சில நிறுவனங்கள் விளக்கக் குறிப்பை வெளியிடுவதில்லை. நிரலாளர்கள் மாதிரிக் கோப்புகளைச் சேகரித்து, எண்களின் அமைப்பைத் தாங்களே கண்டறிந்து ஆதரவை எழுத வேண்டியிருக்கிறது. டேவ் காஃபின் என்பவர் 1997இல் எழுதத் தொடங்கிய டிசிரா என்ற சிறு நிரல்தான் இந்த வேலைக்கு வழிவகுத்தது. இன்றைய மென்பொருள்கள் பலவற்றின் வேரில் அது இருக்கிறது. இந்த முறையினால், கடைக்கு நேற்று வந்த கேமராவுக்கு ஆதரவு கிடைக்கச் சில மாதங்கள் ஆகலாம். கேனானின் சிஆர்3 கோப்பை டார்க்டேபிள் திறக்கத் தொடங்கியதே 2021 டிசம்பரில் வந்த 3.8ஆம் பதிப்பிலிருந்துதான். ஆகவே புதிய கேமரா வாங்கப் போகிறவர்கள் பணம் கட்டும் முன்பே, அந்த மாடலின் பெயர் மென்பொருளின் ஆதரவுப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. இரண்டு தலைமுறை பழைய கேமராவைச் செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்களுக்கு இந்தக் கவலை அநேகமாக இல்லை.

நிக்கான் இசட்8, இசட்9 வைத்திருப்பவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அவற்றில் ‘ஹை எஃபிஷியன்சி’ என்ற பெயரில் இருக்கும் ரா சுருக்கமுறை வேறொரு நிறுவனத்தின் உரிமத் தொழில்நுட்பத்தில் அமைந்தது. அதைத் திறப்பதில் கட்டற்ற மென்பொருள்கள் சிக்கலைச் சந்தித்து வந்திருக்கின்றன. கேமராவில் விவரம் இழக்காமல் சுருக்கும் ‘லாஸ்லெஸ் கம்ப்ரஸ்டு’ என்று மாற்றி வைத்துவிட்டால் பிரச்சினை எழாது. கார்டில் இடம் சற்றுக் கூடுதலாகப் பிடிக்கும், அவ்வளவுதான்.

சோதிக்கும்போது ஒரு மயக்கம் நேரலாம். ரா கோப்புக்குள்ளேயே கேமரா ஒரு ஜேபெக் படத்தையும் வைத்திருக்கும். படம் பார்க்கும் சாதாரண மென்பொருள்கள் பலவும் அதைத்தான் எடுத்துக் காட்டுகின்றன. எனவே படம் தெரிந்துவிட்டது என்பதை ஆதரவு இருப்பதற்கான சான்றாகக் கொள்ளக் கூடாது. பதப்படுத்தும் மென்பொருளின் திருத்தும் பகுதியில் அது திறக்கிறதா, நிறங்கள் ஊதாவாகவோ பச்சையாகவோ பிசகாமல் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

இரண்டாம் படி: கணினியின் வலுவை அறியுங்கள்

டார்க்டேபிள் கணக்குகளைக் கிராபிக்ஸ் கார்டுக்கு அனுப்பி வேகப்படுத்தும் ஓபன்சிஎல் வசதியைப் பயன்படுத்துகிறது. அந்தக் கார்டு இல்லாவிட்டாலும் ஓடும். ஆனால் நாய்ஸ் (படத்தில் மணல்போல் தெரியும் பிசிறு) குறைக்கும் கருவியை இயக்கிவிட்டு ஒவ்வொரு அசைவுக்கும் காத்திருக்க நேரும். 8 ஜிபி ரேம் இருந்தால் நிம்மதி. ராதெரபி முழுவதும் சிபியுவை நம்பியே இயங்குவதால், தனிக் கிராபிக்ஸ் கார்டு இல்லாத மடிக்கணினியில் அதற்கு இழப்பு ஏதும் இல்லை. வீட்டில் இருப்பது 2011 முதல் அரசு மேல்நிலை மாணவர்களுக்கு வழங்கிவந்த விலையில்லா மடிக்கணினிகளில் பழைய ஒன்று என்றால், அதில் ரேமை உயர்த்தி, சுழலும் ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி மாற்றி, இலகுவான லினக்ஸ் ஒன்றை நிறுவிய பிறகு ராதெரபியை முயன்று பார்க்கலாம். அந்தக் கணினியில் டார்க்டேபிளை வைத்து மல்லுக்கட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

திரையைப் பற்றியும் ஒரு சொல். விலை குறைந்த மடிக்கணினித் திரைகளில் தலையைச் சற்று உயர்த்தினாலே நிறமும் ஒளியும் மாறித் தெரியும். அத்தகைய திரையில் நிறத்தை நுணுக்கமாகத் திருத்துவது வீண் உழைப்பு. ஐபிஎஸ் வகை மானிட்டர் ஒன்றைத் தனியாக இணைத்துக்கொள்வது, மென்பொருளை மாற்றுவதைவிடப் பெரிய பலனைத் தரும்.

மூன்றாம் படி: நீங்கள் எடுப்பது எவ்வகைப் படம்?

கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு வலசைக் காலத்தில் விடியற்காலையில் போகிறவர்களுக்கு வெளிச்சம் குறைவு, டெலி லென்ஸின் நீளம் போதாது. ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்வு அளவு) உயர்ந்திருக்கும், பறவை சட்டத்தின் நடுவில் சிறிதாக இருப்பதால் பெரிதாக வெட்டியெடுக்க வேண்டியிருக்கும். செங்கால் நாரையின் இறகு வரிகளோ வரித்தலை வாத்தின் தலைக்கோடுகளோ மெழுகாமல், நாய்ஸ் மட்டும் குறைய வேண்டும். இந்த வேலைக்கு ராதெரபியைத்தான் முதலில் சொல்வேன். சென்சார் எண்களிலிருந்து நிறத்தைக் கணிக்கப் பல முறைகளை அது தருகிறது. 2020இல் வந்த 5.8ஆம் பதிப்பில் சேர்ந்த ‘கேப்சர் ஷார்ப்பனிங்’ என்ற கருவி, லென்ஸாலும் சென்சார் முன்னுள்ள வடிகட்டியாலும் மங்கிய விவரத்தை ஓரங்களில் வெள்ளைக் கோடு போடாமல் ஓரளவு மீட்டுத் தருகிறது.

சுடலைமாடன் கோயில் கொடைவிழாவின் இரவுப் படங்களுக்குத் தேவை வேறு. தீப்பந்தத்தின் மஞ்சள், டியூப்லைட்டின் பச்சை சார்ந்த வெள்ளை, அலங்காரத் தோரணத்தின் நீல எல்இடி ஆகிய மூன்றும் ஒரே முகத்தில் விழும். ஒரே ஒயிட் பேலன்ஸ் முழுப் படத்துக்கும் பொருந்தாது. முகத்துக்கு ஒன்று, பின்னணிக்கு ஒன்று என்று பகுதி பகுதியாகத் திருத்த வேண்டும். டார்க்டேபிளில் பெரும்பாலான கருவிகளுக்கும், கையால் வரையும் மாஸ்க்கையும் (திருத்தம் படவேண்டிய இடத்தைக் குறிக்கும் மறைப்பு), நிறத்தையோ ஒளியளவையோ கொண்டு தானே தேர்ந்துகொள்ளும் மாஸ்க்கையும் சேர்த்துப் பயன்படுத்தலாம். நீல எல்இடி ஒளியில் முகம் ஒரே நீலத் திட்டாக உறைந்துபோவதைத் தணிக்க, ‘கலர் கேலிப்ரேஷன்’ கருவியில் உள்ள ‘கேமட் கம்ப்ரஷன்’ உதவும். ராதெரபியிலும் 2022இல் வந்த 5.9ஆம் பதிப்பு முதல் பகுதித் திருத்தம் உண்டு. ஆனால் அந்தப் பகுதி புதியவர்களுக்கு எளிதில் பிடிபடாது.

கல்யாண மண்டபத்தில் வேலை செய்பவர்களுக்கு ஒரு படத்தின் நுட்பத்தைவிட ஆயிரம் படத்தின் வேகம் முக்கியம். வரிசையாகப் பார்த்து, கண் மூடியதைக் கழித்து, நட்சத்திரம் இட்டு, ஒரு படத்தில் செய்த திருத்தத்தை அதே விளக்கொளியில் எடுத்த நூறு படங்களுக்கு ஒட்ட வேண்டும். டார்க்டேபிளின் ‘லைட்டேபிள்’ பகுதி இதற்கென்றே உள்ளது. குற்றாலம், மணிமுத்தாறு அருவிப் படங்களுக்கு வெண்ணுரையின் விவரமும் பாசியின் பச்சையும் பிரிந்து தெரிந்தால் போதும். எந்த மென்பொருளும் சமாளிக்கும். கிருஷ்ணாபுரம் சிற்பத் தூண்களை அண்ணாந்து எடுத்தால் கோடுகள் மேலே குவியும். டார்க்டேபிள், ராதெரபி இரண்டிலுமே அதை நிமிர்த்தும் கருவி இருக்கிறது. (கோயில்களுக்குள் படமெடுக்க அனுமதி உண்டா என்பதை அந்தந்த அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், வாசலில் கேமராவைப் பையில் வைக்கச் சொன்னால் வாதாட வேண்டாம்.) ராதாபுரம், பணகுடிப் பக்கம் காற்றாலைகளை வெறும் வானத்தோடு எடுப்பவர்களுக்கு சென்சாரில் ஒட்டிய தூசி கரும்புள்ளியாகத் தெரியும், அந்த ஊர்க் காற்றில் லென்ஸ் மாற்றினால் அது தவிர்க்க முடியாதது. டார்க்டேபிளில் ‘ரீடச்’ கருவியும், ராதெரபியில் 5.9 முதல் ‘ஸ்பாட் ரிமூவல்’ கருவியும் அதைத் துடைக்கும்.

நான்காம் படி: பெயர்களைப் பரிசீலியுங்கள்

ராதெரபியை ஹங்கேரியைச் சேர்ந்த காபோர் ஹோர்வாத் 2004இல் தொடங்கினார். 2010இல் மூலநிரல் திறக்கப்பட்டது. இது படங்களைத் தன் தரவுத்தளத்தில் இறக்குமதி செய்யச் சொல்வதில்லை. கோப்புறையைக் காட்டினால் அதிலுள்ள படங்களைக் காட்டும். செய்த திருத்தங்களைப் படத்தின் பெயரிலேயே பிபி3 என்று முடியும் சிறு கோப்பாகப் பக்கத்தில் எழுதி வைக்கும். ரா கோப்பின் எண்களைத் தொடாது. முதல்முறை திறக்கும்போது, கேமரா உள்ளே வைத்த ஜேபெக்கைப் பார்த்து அதற்கு நெருக்கமாக ஒளியமைப்பைப் பொருத்தும் வசதி இதில் இருப்பதால், பின்திரையில் பார்த்த படம் ஏறத்தாழ அப்படியே கண்முன் வரும். புதியவர்களுக்கு இது பெரிய ஆறுதல். இதன் குறை, கருவிகள் அளவுக்கு மீறி இருப்பதுதான். நாய்ஸ் குறைப்புக்கே ஒரு பக்க நீளத்துக்கு, இழுத்து அளவை மாற்றும் சறுக்கிகள். பெரும்பாலானவற்றைத் தொடாமல் விட்டுவிடலாம்.

அந்தக் குறையை உணர்ந்த ஆல்பர்ட்டோ கிரிஜியோ, ராதெரபியிலிருந்து கிளைத்து ஆர்ட் என்ற மென்பொருளை உருவாக்கினார். கருவிகள் குறைக்கப்பட்டு, பகுதித் திருத்தம் எளிதாக்கப்பட்டிருக்கிறது. சற்றுப் பழைய கணினி, இரவுப் படங்கள், பொறுமை குறைவு ஆகிய மூன்றும் சேர்ந்தவர்கள் இதை முதலில் முயலலாம். பெயர் அவ்வளவாகப் பரவாததால் பயிற்சி வீடியோக்கள் குறைவு என்பதே தடை.

டார்க்டேபிளை யோகனஸ் ஹானிகா 2009இல் தொடங்கினார். அண்மை ஆண்டுகளில் கோடையில் ஒன்று, கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒன்று என்று ஆண்டுக்கு இரண்டு பெரிய பதிப்புகள் வந்துகொண்டிருக்கின்றன. இதன் பணிமுறை மற்றவற்றிலிருந்து மாறுபட்டது. காட்சியில் இருந்த ஒளியின் விகிதத்தைக் கடைசிவரை காப்பாற்றி, இறுதிக் கட்டத்தில்தான் திரையின் அளவுக்குச் சுருக்குகிறது. சுருக்குவதற்கு 2018இல் ‘ஃபில்மிக்’ என்ற கருவியும், 2022இல் ‘சிக்மாய்ட்’ என்ற எளிய கருவியும் வந்தன. இரண்டில் ஒன்றைத்தான் இயக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து இயக்கினால் படம் இருமுறை சுருங்கிச் சப்பென்று ஆகிவிடும். தொடங்குபவர்களுக்கு சிக்மாய்ட் போதும். முதலில் திறக்கும்போது படம் கேமராவின் ஜேபெக்கைவிட மங்கலாகத் தோன்றுவதைப் பார்த்துப் பலர் அன்றே இதை நீக்கிவிடுகிறார்கள். அது பொறுமையின்மை என்றே சொல்வேன். கொஞ்சம் பழகியவர்களுக்கு இந்த மங்கலான தொடக்கம்தான் சுதந்திரம் தருகிறது.

இதன் இறக்குமதி முறையில் மட்டும் எச்சரிக்கை தேவை. படங்களை அதன் நூலகத்தில் சேர்த்த பிறகு, கோப்புறையின் பெயரை வெளியிலிருந்து மாற்றினாலோ கோப்புகளை நகர்த்தினாலோ, அதற்கு அவை இருக்கும் இடம் தெரியாமல் போகும்; நகர்த்துவதை மென்பொருளுக்குள்ளேயே செய்ய வேண்டும். ‘ரிமூவ்’ என்ற பொத்தான் பட்டியலிலிருந்து மட்டும் நீக்கும், ‘டெலீட்’ என்பது கோப்பையே அழிக்கும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் ஒரு கல்யாணமே காணாமல் போகலாம்.

டிஜிகேம், பல்லாயிரம் படங்களை ஊர், ஆள், நிகழ்ச்சி என்று வகைப்படுத்தித் தேடுவதற்கான நூலக மென்பொருள். முகங்களை அடையாளம் காணும் வசதியும் உண்டு. ரா கோப்பை மாற்றும் வழி அதில் இருந்தாலும், அந்த வேலையை மற்றவற்றுக்கு விட்டுவிடுவது நல்லது. கிம்ப் தானாக ரா கோப்பைத் திறப்பதில்லை. நிறுவியிருக்கும் டார்க்டேபிளுக்கோ ராதெரபிக்கோ அனுப்பி, முடிந்த படத்தை வாங்கிக்கொள்கிறது. பின்னணியை மாற்றுவது, எழுத்துச் சேர்ப்பது போன்ற வேலைகளுக்கு அது வேண்டும். தொடக்கப் பாடமாக அதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேனானின் ‘டிஜிட்டல் ஃபோட்டோ ப்ரொஃபெஷனல்’, நிக்கானின் ‘என்எக்ஸ் ஸ்டுடியோ’ ஆகியவை விலையின்றிக் கிடைத்தாலும் மூலநிரல் மூடியவை. அந்தந்த நிறுவனக் கேமராவுக்கே உரியவை. லினக்ஸில் நிறுவ நேரடிப் பதிப்பு இல்லை. கேமராவின் நிறத்தை அப்படியே பெறுவதற்கும், ஒரு கோப்பு கெட்டுவிட்டதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்கும் அவற்றை ஓரமாக வைத்துக்கொள்ளலாம்.

ஐந்தாம் படி: சரியான இடத்திலிருந்து நிறுவுங்கள்

அந்தந்தத் திட்டத்தின் சொந்தத் தளத்திலிருந்தே பதிவிறக்குங்கள். தேடலில் முதலில் வரும் விளம்பரப் பக்கங்கள் வேறு நிரல்களையும் சேர்த்து நுழைத்துவிடக்கூடும். உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளின் களஞ்சியத்தில் இருக்கும் பதிப்பு பழையதாக இருப்பது வழக்கம்; புதிய கேமரா வைத்திருப்பவர்கள் எல்லா லினக்ஸ் வகைகளுக்கும் பொதுவான நிறுவல் முறையான பிளாட்பேக் வழியாக நிறுவிக்கொண்டால் அண்மைப் பதிப்பு கிடைக்கும். டார்க்டேபிளுக்கும் ராதெரபிக்கும் செல்பேசிப் பதிப்பு கிடையாது; அந்தப் பெயரில் செல்பேசிச் செயலி எதையேனும் கண்டால் விலகிவிடுங்கள்.

ஆறாம் படி: உங்கள் படங்களை வைத்தே தேர்வு நடத்துங்கள்

வலைத்தளங்களில் வரும் ஒப்பீட்டுப் படங்களைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். உங்கள் கேமராவில், உங்கள் ஊர் வெளிச்சத்தில் எடுத்த மூன்று ரா கோப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று உச்சி வெயிலில் வெள்ளையும் நிழலும் சேர்ந்ததாக இருக்கட்டும். தாமிரபரணிப் படித்துறையில் துவைத்துக் காயப்போட்ட துணியும், மண்டப நிழலும் ஒரே சட்டத்தில் இருந்தால் போதும். இன்னொன்று உயர்ந்த ஐஎஸ்ஓவில் எடுத்த இரவுப் படம். மூன்றாவது, நன்கு தெரிந்த ஒருவரின் முகம்; மனிதத் தோலின் நிறம் பிசகினால் கண் உடனே கண்டுபிடித்துவிடும். கேமராவில் ராவும் ஜேபெக்கும் சேர்ந்து பதியும்படி வைத்து எடுத்தால் ஒப்பிட வசதி.

இரண்டு மென்பொருள்களை மட்டும் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் அதே மூன்று படங்களையும் அதே வரிசையில் திருத்துங்கள். டார்க்டேபிளில் முதலில் ‘எக்ஸ்போஷர்’ கருவியில், வெளுத்த இடத்தைக் கவனிக்காமல், படத்தின் முக்கியப் பகுதி சரியான வெளிச்சத்தில் தெரியும்வரை உயர்த்துங்கள். வெளுப்பதைச் சிக்மாய்ட் அடக்கிக்கொள்ளும். போதாவிட்டால் அதன் ‘கான்ட்ராஸ்ட்’ அளவைச் சற்றுக் குறையுங்கள். அதன் பிறகு ‘கலர் கேலிப்ரேஷன்’ கருவியில் நிறச்சாய்வைச் சரிசெய்யுங்கள். சென்சார் நிரம்பிய இடத்தில் ஊதா வழிந்தால் ‘ஹைலைட் ரீகன்ஸ்ட்ரக்‌ஷன்’ இயங்குகிறதா என்று பாருங்கள். ‘லென்ஸ் கரெக்‌ஷன்’, உங்கள் லென்ஸின் பெயரைக் கண்டுகொண்டால் வளைவையும் மூலை இருட்டையும் நீக்கும். ‘டீநாய்ஸ் ப்ரொஃபைல்டு’ என்ற கருவி, உங்கள் கேமரா மாடலின் ஒவ்வொரு ஐஎஸ்ஓவுக்கும் முன்பே அளந்து வைத்த நாய்ஸ் கணக்கைக் கொண்டு இயங்குவதால், அதை இயக்கிவிட்டாலே பெரும்பாலும் போதுமானது. நிறச் செறிவுக்குக் ‘கலர் பேலன்ஸ் ஆர்ஜிபி’. இத்தனைக்கு மேல் முதல் சில மாதங்களுக்கு வேறெதையும் திறக்க வேண்டாம்.

ராதெரபியில் ‘எக்ஸ்போஷர்’ பக்கத்தில் தானாகப் பொருத்திய வளைகோட்டை ஏற்றுக்கொண்டு தொடங்கலாம். வெள்ளைத் துணிக்கு ‘ஹைலைட் ரீகன்ஸ்ட்ரக்‌ஷன்’, மண்டப நிழலுக்கு ‘ஷேடோஸ் ஹைலைட்ஸ்’, பிறகு ‘கலர்’ பக்கத்தில் ஒயிட் பேலன்ஸ். கேப்சர் ஷார்ப்பனிங், ‘ரா’ பக்கத்தில் இருக்கிறது. நாய்ஸ் குறைப்பும் கூர்மையும் போன்ற நுண்விவரக் கருவிகளின் விளைவு, படத்தை 100 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கினால்தான் முன்தோற்றத்தில் தெரியும். இதை அறியாதவர்கள் சறுக்கியை எல்லைவரை இழுத்துவிட்டு, ஏற்றுமதி செய்த படம் பொம்மைபோல் மெழுகியிருப்பதைக் கண்டு மென்பொருளைக் குறை சொல்கிறார்கள்.

முடிந்தவற்றை எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிறவெளியில், 90க்கு மேற்பட்ட தரத்தில் ஜேபெக்காக ஏற்றுமதி செய்து, நீங்கள் வழக்கமாகப் போகும் கடையில் சிறிய அளவில் பிரின்ட் போட்டுப் பாருங்கள். கடையில் என்ன சாதனம் வைத்திருந்தாலும் எஸ்ஆர்ஜிபி ஜேபெக் பாதுகாப்பானது. அதைவிட விரிந்த நிறவெளியான அடோபி ஆர்ஜிபியில் கொடுத்தால் நிறம் சோகையாக வரக்கூடும். வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தால் படமாக இல்லாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள். இல்லையென்றால் நீங்கள் காப்பாற்றிய விவரத்தை அது மறுபடி சுருக்கிவிடும்.

ஆறு பிரின்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, எதில் படம் அழகாக இருக்கிறது என்பதோடு, எதில் அந்த முடிவுக்குத் தடுமாறாமல் வந்து சேர்ந்தீர்கள், ஒரு வாரம் கழித்துத் திறந்தால் அதே கருவிகளை மறுபடி கண்டுபிடிக்க முடிகிறதா என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். என் தீர்ப்பைக் கேட்டால், தனிக் கிராபிக்ஸ் கார்டு இல்லாத மடிக்கணினியில், பறவையும் ஊர்க்காட்சியும் எடுப்பவருக்கு ராதெரபி அல்லது ஆர்ட். ஓரளவு வலுவான கணினியில், கொடையும் கல்யாணமுமாக எண்ணிக்கை மிகுந்தவருக்கு டார்க்டேபிள். இரண்டையும் பாதிப்பாதியாகப் பழகுவது வேண்டாம். குறைந்தது ஒரு பருவம் முழுவதும், சாரல் தொடங்கி வடகிழக்கு மழை முடியும்வரையிலாவது, ஒன்றிலேயே நில்லுங்கள். பயிற்சி வீடியோ பார்ப்பதானால் அது எந்தப் பதிப்புக்கானது என்று முதலில் பாருங்கள். டார்க்டேபிளில் ‘பேஸ் கர்வ்’ கருவியைக் கொண்டு கற்பிக்கும் வீடியோக்கள் பழைய பணிமுறையைச் சார்ந்தவை. அவற்றைப் புதிய பதிப்பில் அப்படியே பின்பற்றினால் கருவிகள் ஒன்றோடொன்று மோதும்.

ஏழாம் படி: கோப்புகளை அடுக்கிக் காப்பாற்றுங்கள்

24 மெகாபிக்சல் கேமராவின் லாஸ்லெஸ் சுருக்க ரா கோப்பு ஒன்று தோராயமாக 25 முதல் 30 எம்பி இருக்கும். ஆயிரம் படம் என்றால் 25 முதல் 30 ஜிபி. ஆண்டு, மாதம், நாள், இடம் என்ற வரிசையில் கோப்புறைக்குப் பெயரிட்டால் எந்த மென்பொருளிலும் காலவரிசை தானாக அமையும். நகல் எடுக்கும்போது ரா கோப்போடு அதன் பக்கக் கோப்பையும் சேர்த்து எடுங்கள். டார்க்டேபிளில் அது எக்ஸ்எம்பி, ராதெரபியில் பிபி3, ஆர்ட்டில் ஏஆர்பி. அது இல்லாவிட்டால் படம் இருக்கும், உழைப்பு இருக்காது.

நகல் இரண்டு டிஸ்க்குகளில் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி கரைபுரண்டு நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேட்டுப்பகுதியில் இருக்கும் உறவினர் வீட்டு மாடியில் ஒரு டிஸ்க் இருக்கட்டும்.

பின்னாளில் மென்பொருளை மாற்றினால், நட்சத்திரக் குறியும் குறிச்சொல்லும் ஓரளவு கூடவே வரும், திருத்தங்கள் வாரா. டார்க்டேபிளின் திருத்தத்தை ராதெரபி படிக்காது, ராதெரபியினுடையதை டார்க்டேபிள் படிக்காது. எனவே மிகச் சிறந்தவை என்று கருதும் சில படங்களை மட்டும் 16 பிட் டிஃப் கோப்பாகவும் ஏற்றுமதி செய்து வைத்துக்கொள்ளுங்கள். அதை எதிலும் திறக்கலாம். டார்க்டேபிளைப் பயன்படுத்துபவர்கள் புதிய பெரிய பதிப்புக்கு மாறும் முன் அதன் தரவுத்தளக் கோப்புறையை முழுவதுமாக நகல் எடுத்துக்கொள்ள வேண்டும். புதிய பதிப்பு ஒருமுறை திறந்து மேம்படுத்திய தரவுத்தளத்தைப் பழைய பதிப்பு திறக்காது. ஆகையால் கல்யாண ஆல்பம் ஒன்று பாதியில் நிற்கும்போது பதிப்பை மாற்றாமல், அந்த வேலையைக் கொடுத்து முடித்த பிறகு மாற்றுங்கள்.